நியூயார்க்கில் கோ-ஆப், காண்டோ: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

குயின்ஸில் ஒரு கோ-ஆப் அடுக்ககத்துக்கு ஆறு லட்சம் டாலர் கொடுத்துக் குடிபோகிறவர், சட்டத்தின் பார்வையில் வீடு எதையும் வாங்கவில்லை. கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. அவர் வாங்கியது அந்தக் கம்பெனியின் சில நூறு ஷேர்கள். அவற்றோடு ஒட்டி வருவது ‘புரொப்ரைட்டரி லீஸ்’ என்னும் நீண்டகாலக் குத்தகை. ஆக, அவர் கம்பெனியின் பங்குதாரர். அதே கம்பெனிக்கு வாடகைதாரர். மாதாமாதம் கட்டும் மெயின்டனன்ஸ் சட்டப்படி வாடகைதான்.

காண்டோ வேறு. நியூயார்க் மாநிலத்தில் 1964இல் வந்த காண்டோமினியம் சட்டப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பத்திரம் உண்டு, தனி வரி எண் உண்டு, மாடிப்படி, லிஃப்ட், கூரை போன்ற பொது இடங்களில் சதவீதப் பங்கும் உண்டு. சென்னையில் ‘யுடிஎஸ்’ (பிரிக்கப்படாத நிலப் பங்கு) என்று பேசிப் பழகியவர்களுக்குக் காண்டோ உடனே பிடிபட்டுவிடும். தடுமாறவைப்பது கோ-ஆப்தான். ‘என் வீடு, என் இஷ்டம்’ என்ற நினைப்போடு உள்ளே போகிறவர்களுக்கு வரும் சண்டைகளில் பாதி, தான் வாடகைதாரரும்கூட என்பதை மறந்ததால் வருபவை.

எந்தத் தாள் எதை ஆள்கிறது

ஒரு தகராறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ‘யார் சரி’ என்பதல்ல, ‘இது எந்தத் தாளில் எழுதியிருக்கிறது’ என்பது. கோ-ஆப்பில் மேலிருந்து கீழாக: சட்டம், கம்பெனியின் பதிவுச் சான்று, பைலாவும் புரொப்ரைட்டரி லீஸும், கடைசியில் அன்றாட நடைமுறை விதிகளான ஹவுஸ் ரூல்ஸ். காண்டோவில் லீஸ் கிடையாது. அந்த இடத்தில் காண்டோவை உருவாக்கிய பத்திரமான டிக்ளரேஷனும் பைலாவும் நிற்கும்.

ஹவுஸ் ரூல்ஸை, உரிமையாளர்கள் தேர்ந்தெடுக்கும் நிர்வாகக் குழுவான போர்டு ஒரே கூட்டத்தில் மாற்றிவிடலாம். லீஸைத் திருத்தப் பெரும்பாலான கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஷேர்களின் வாக்கு வேண்டும். இதனால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. சைக்கிளைத் தாழ்வாரத்தில் வைத்ததற்கு 250 டாலர் அபராதம் என்று கடிதம் வந்தால், அபராதம் போடும் அதிகாரம் லீஸிலோ பைலாவிலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஹவுஸ் ரூல்ஸில் மட்டும் இருந்தால் அந்த அபராதம் பெரும்பாலும் நிற்காது. கேள்வியைக் கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள்: “எந்தப் பத்தியின்கீழ்?” பல கடிதங்கள் அங்கேயே நின்றுவிடும்.

ஒப்பந்தத்துக்கு முன்

நியூயார்க்கில் வாய்ப்பேச்சில் ‘ஆஃபர் ஏற்றாயிற்று’ என்பதற்கு மதிப்பில்லை. இரு தரப்பும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை யாரும் யாருக்கும் கட்டுப்பட்டவரில்லை. வழக்கமாகப் பத்து சதவீதம் முன்பணம், விற்பவரின் வக்கீல் பொறுப்பில் தனியே வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போகும். அதற்கு முன் உங்கள் வக்கீல் பார்க்க வேண்டியவை: வீடுகள் முதலில் விற்பனைக்கு வந்தபோது வெளியிட்ட விவர ஆவணமான ஆஃபரிங் பிளானும் அதன் எல்லாத் திருத்தங்களும், கடைசி இரண்டு மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு, நடப்பு வருட பட்ஜெட், போர்டு கூட்டக் குறிப்புகள். குறிப்புகளைப் பெரும்பாலான ஏஜென்டுகள் நகல் தரமாட்டார்கள். வக்கீல் அலுவலகத்தார் நேரில் போயோ திரையிலோ படிக்க வேண்டும். ‘அது தேவையில்லை’ என்று சொல்லும் வக்கீலை மாற்றுங்கள். கூரை ஒழுகல், மூட்டைப்பூச்சி, வழக்கு, வரப்போகும் அசெஸ்மென்ட் (மெயின்டனன்ஸுக்கு மேல் வசூலிக்கும் தனித் தொகை) எல்லாம் கணக்குப் புத்தகத்துக்கு வருமுன் கூட்டக் குறிப்பில்தான் தலைகாட்டும்.

கணக்கில் முதலில் தேட வேண்டியது கட்டடத்தின் மேல் உள்ள அடமானக் கடன்: எவ்வளவு, என்ன வட்டி, எப்போது முதிர்கிறது. இந்தக் கடன்கள் பெரும்பாலும் முழுதாக அடைபடுவதில்லை. தவணை முடியும்போது புதுக் கடன் வாங்கித்தான் பழையதைத் தீர்ப்பார்கள். 100 வீடுள்ள கட்டடத்துக்கு 50 லட்சம் டாலர் கடன் 3.5 சதவீதத்தில் இருந்து, அது 6.5க்கு மாறினால் வருட வட்டி 1,50,000 டாலர் கூடும். சராசரியாக வீட்டுக்கு மாதம் 125 டாலர். விற்பனை விளம்பரத்தில் மெயின்டனன்ஸ் குறைவாக இருப்பதைப் பார்த்து மயங்குமுன் முதிர்வுத் தேதியைப் பாருங்கள்.

அடுத்தது, நிலம் யாருடையது. சில கோ-ஆப்களுக்குக் கட்டடம் மட்டுமே சொந்தம், நிலம் குத்தகை. குத்தகை வாடகை மறுநிர்ணயம் ஆகும் வருடத்தில் மெயின்டனன்ஸ் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அத்தகைய வீடுகள் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம். குறைந்த, நடுத்தர வருமானத்தாருக்கான எச்டிஎஃப்சி (வங்கி அல்ல) வகைக் கோ-ஆப்கள் மலிவாக இருப்பதற்கு வேறு காரணம்: வாங்குபவருக்கு வருமான உச்சவரம்பு உண்டு, விற்கும்போதும் அது அடுத்தவருக்குப் பொருந்தும். ஐடி சம்பளக்காரர்கள் பலர் அங்கே தகுதி பெறவே மாட்டார்கள்.

ஒப்பந்தத்தில் அவசியம் இருக்க வேண்டிய வரிகள் மூன்று: போர்டு மறுத்தால் முன்பணம் முழுதும் திரும்ப வரும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் விலகலாம், க்ளோஸிங்குக்கு (வீடு கைமாறும் நாளுக்கு) முன் அறிவித்த அசெஸ்மென்டை யார் கட்டுவது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். முகப்புச் சீரமைப்புக்கு வீட்டுக்கு 18,000 டாலர், 24 தவணை என்று போர்டு முடிவெடுத்திருந்தால், ஒப்பந்தத்தில் எழுதாதவரை மீதித் தவணைகள் உங்கள் தலையில்தான் விழும்.

கையைக் கடிக்கும் செலவுகளில் பெரிய வேறுபாடு ஒன்று: காண்டோவுக்கு வாங்கும் கடனுக்கு அடமானப் பதிவு வரி உண்டு. ஐந்து லட்சமும் அதற்கு மேலும் போனால் கடன் வாங்குபவர் பங்கு 1.925 சதவீதம், ஆறு லட்சம் கடனுக்குச் சுமார் 11,550 டாலர். கோ-ஆப் ஷேர் அசையாச் சொத்தல்ல என்பதால் இந்த வரி கிடையாது. ஷேர்களின் மேல் கடன் இருப்பதைக் காட்டும் யுசிசி-1 என்ற அறிவிப்பை வங்கி பதிவு செய்யும், அவ்வளவே. விலை பத்து லட்சத்தைத் தொட்டால் இரண்டுக்கும் வாங்குபவர் கட்டும் ‘மேன்ஷன் டாக்ஸ்’ ஒரு சதவீதத்தில் தொடங்கும். 9,99,999க்குப் பேரம் முடிப்பதன் ரகசியம் இதுதான்: ஒரு டாலரில் 10,000 மிச்சம்.

போர்டின் அனுமதி

காண்டோ போர்டுக்கு இருப்பது முதல் வாங்கும் உரிமை மட்டும். உங்களை வேண்டாம் என்றால் அதே விலைக்கு அதே நிபந்தனையில் அவர்களே வாங்க வேண்டும். அதனால் அது அபூர்வம். கோ-ஆப் போர்டு காரணம் சொல்லாமலே மறுக்கலாம்.

மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் கணக்குதான். மாத வருமானத்தில் மெயின்டனன்ஸும் கடன் தவணையும் சேர்ந்து 25 முதல் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, க்ளோஸிங் முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வருடச் செலவுக்கான பணம் கையில் இருக்க வேண்டும் என்பது பல கட்டடங்களின் எழுதாத அளவுகோல். இந்த இரண்டாவது கணக்கில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஊரில் இருக்கும் மனை, அம்மா பெயரில் உள்ள டெபாசிட், 401கே ஓய்வூதியப் பணம் ஆகியவற்றைப் போர்டு கையில் உள்ள பணமாகப் பார்க்காது. பெற்றோர் அனுப்பும் பணம் என்றால் பரிசுக் கடிதமும் பணம் வந்த வழிக்கான வங்கித் தாள்களும் வேண்டும். அதை விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே உங்கள் கணக்கில் வரவு வைத்துவிடுவது நல்லது.

விண்ணப்பக் கட்டில் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். சொத்து விவரத் தாளில் 84,000 என்றும் வங்கித் தாளில் 79,500 என்றும் இருந்தால், யாரும் போன் செய்து கேட்கப் போவதில்லை. கட்டு ஓரமாக வைக்கப்படும்.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதால் எந்தக் காரணமும் செல்லும் என்று அர்த்தமில்லை. இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், வயது, ஊனம், திருமண நிலை, குழந்தைகள் இருப்பது ஆகியவற்றோடு குடியுரிமை, குடியேற்ற நிலையையும் நியூயார்க் நகர மனித உரிமைச் சட்டம் பாதுகாக்கிறது. எச்-1பி விசா என்பதற்காக மட்டும் மறுப்பது சட்டவிரோதம். ஆனால் வருமானம் போதவில்லை என்று மறுப்பது சட்டத்துக்கு உட்பட்டது. இரண்டையும் பிரித்து நிரூபிப்பது கடினம். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சல்கள், நேர்காணலில் கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் அன்றைக்கே தேதியோடு எழுதி வையுங்கள். நகர மனித உரிமை ஆணையத்தில் புகார் செய்ய ஒரு வருடம் அவகாசம்.

யார் குடியிருக்கலாம்

தமிழ்க் குடும்பங்களுக்கு மற்ற எதையும்விட முக்கியமான பத்தி இது. வழக்கமான கோ-ஆப் லீஸில் 14ஆம் பத்தியை ஒட்டி வரும். குத்தகைதாரர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் என்று பட்டியல் இருக்கும். விருந்தினர் என்றால் ஒரு மாதம் என்ற வரம்பு இருக்கும். பெற்றோர் ஆறு மாத விசாவில் வந்து தங்குவது இதனால் பிரச்சினை ஆகாது. அவர்கள் விருந்தினர் இல்லை, பட்டியலில் உள்ளவர்கள்.

சிக்கல் வேறு இடத்தில். மகன் பெயரில் வாங்கி அப்பா அம்மா மட்டும் குடியிருப்பது, அல்லது அப்பா வாங்கிக் கல்லூரியில் படிக்கும் மகளை வைப்பது. பட்டியலில் ‘குத்தகைதாரரும் அவர் குடும்பத்தாரும்’ என்று இருந்தால் குத்தகைதாரரும் கூடவே வசிக்க வேண்டும் என்று போர்டு வாதிடும். ‘அல்லது’ என்றிருந்தால் வழி உண்டு. ஒரு சொல்லில் தொங்கும் வீடு! வாங்குமுன் இந்த ஏற்பாட்டை விண்ணப்பத்தில் வெளிப்படையாக எழுதி, போர்டின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.

வாடகைக்கு விடுவது: கோ-ஆப்பில் ‘ஐந்து வருடத்தில் இரண்டு வருடம் மட்டும்’ போன்ற வரம்புகளும் தனிக் கட்டணமும் சாதாரணம். வேலை மாறி வேறு மாநிலம் போகும் வாய்ப்பு உள்ளவர்கள் காண்டோ பக்கம் பார்ப்பது புத்திசாலித்தனம். 30 நாளுக்குக் குறைந்த வாடகை இரண்டிலும் ஆபத்து: நீங்களும் கூடவே தங்கியிருந்தாலொழிய மாநிலச் சட்டம் தடுக்கிறது. 2022ஆம் ஆண்டின் 18ஆம் நகரச் சட்டப்படி பதிவும் வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து இது தீவிரமாக அமலாகிறது. உங்கள் கட்டடம் தடைப்பட்டியலில் பெயர் கொடுத்திருந்தால் பதிவே கிடைக்காது.

கூரையில் ஈரம் தெரிந்தால்

அடுக்கக வாழ்க்கையின் நிரந்தரத் தகராறு. ‘மேல்வீட்டுக்காரர்தானே கொடுக்க வேண்டும்’ என்பது எல்லாருக்கும் தோன்றும் முதல் பதில். பெரும்பாலும் தவறான பதில். குழாய் யாருடையது, சேதமான பொருள் யாருடையது, யாராவது கவனக்குறைவாக இருந்தார்களா என்று பிரித்துக் கேட்க வேண்டும். விடைகள் மூன்று வெவ்வேறு ஆட்களைக் காட்டக்கூடும்.

வழக்கமான கோ-ஆப் லீஸில் சுவருக்குள் ஓடும் தண்ணீர், கேஸ், ஹீட் குழாய்கள் கம்பெனியின் பொறுப்பு. குழாய்முனை, சிங்க், டாய்லெட், அவற்றோடு இணைந்து வெளியே தெரியும் குழாய்கள் வீட்டுக்காரர் பொறுப்பு. சேதத்தைப் பொறுத்தவரை சுவரையும் கூரையையும் பூச்சு நிலைவரை சீர்படுத்திக் கொடுப்பது கம்பெனி. பெயின்ட், வால்பேப்பர், நீங்கள் போட்ட மரத்தளம், சோபா எல்லாம் உங்கள் கணக்கு. அதற்குத்தான் எச்ஓ-6 என்ற அடுக்ககக் காப்பீடு. கட்டடத்தின் காப்பீடு உங்கள் பொருள்களை மூடாது. பாலிசி எடுக்கும்போது ‘இம்ப்ரூவ்மென்ட்ஸ்’ என்ற தலைப்பில் சமையலறை, தரை மாற்றிய செலவையும், கட்டடத்தின் இழப்புக்காக உங்களிடம் வசூலிக்கும் பங்கை ஈடுகட்டும் ‘லாஸ் அசெஸ்மென்ட்’ என்ற தலைப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். காண்டோவில் இந்தக் கோடு டிக்ளரேஷனில் ‘யூனிட்’ எங்கே முடிகிறது என்று எழுதியிருப்பதைப் பொறுத்து மாறும். சிலவற்றில் சுவர்ப்பூச்சின் உள்பக்கம் வரை உங்களுடையது.

மேல்வீட்டுக்காரரிடம் பணம் கேட்க வேண்டுமென்றால் அவர் கவனக்குறைவைக் காட்ட வேண்டும்: குளியல் தொட்டியை நிரம்ப விட்டார், சொல்லியும் சரிசெய்யவில்லை, அனுமதி இல்லாமல் வாஷிங் மெஷின் வைத்தார். திடீரென்று வெடித்த பழைய குழாய்க்கு அவர் பொறுப்பாளி அல்ல.

உடனே செய்ய வேண்டியவை, இதே வரிசையில்: சூப்பரை (கட்டடப் பராமரிப்பாளரை) அழைத்துத் தண்ணீரை நிறுத்தச் சொல்லுங்கள். எதையும் துடைக்குமுன் படமும் காணொளியும் எடுங்கள். அன்றே ஏஜென்டுக்கு மின்னஞ்சல்: நேரம், இடம், படங்கள். அன்றே உங்கள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தகவல். தாமதமான தகவலைக் காட்டி க்ளெய்மை மறுப்பார்கள். சுவரைத் திறக்கும்போது எந்தக் குழாய், எங்கே விரிசல் என்று பிளம்பரிடம் எழுத்தில் வாங்குங்கள். உடைந்த துண்டைத் தூக்கிப் போட விடாதீர்கள், பின்னால் முழு வழக்கும் அந்தத் துண்டில்தான் நிற்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கூரையை அப்படியே பெயின்ட் அடித்து மூடிவிட்டுப் போவதற்குச் சம்மதிக்காதீர்கள். 10,000 டாலர் வரையிலான தொகைக்கு நகர ஸ்மால் க்ளெய்ம்ஸ் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம்.

இங்கே வாடகைதாரர் என்ற அடையாளம் கோ-ஆப்காரருக்குக் கை கொடுக்கிறது. வீடு குடியிருக்கத் தக்கதாக இருக்கும் என்ற சட்ட உத்தரவாதம் கோ-ஆப்பில் உண்டு. குளிர்காலத்தில் ஹீட் இல்லை, கூரை மாதக்கணக்கில் திறந்து கிடக்கிறது என்றால் மெயின்டனன்ஸில் கழிவு கேட்கலாம். காண்டோ உரிமையாளருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

உடைத்துக் கட்டுமுன்

பெயின்ட் அடிப்பது, அலமாரி மாற்றுவது தவிர மற்ற வேலைக்கெல்லாம் ‘ஆல்டரேஷன் அக்ரிமென்ட்’ கேட்பார்கள். திட்ட வரைபடம், கட்டடத்தின் ஆர்க்கிடெக்ட் சரிபார்க்கும் கட்டணம், டெபாசிட், கான்ட்ராக்டரின் உரிமம், கோ-ஆப்பையும் ஏஜென்டையும் கூடுதல் காப்பீடு பெறுபவராகச் சேர்த்த சான்று எல்லாம் வேண்டும். நகரக் கட்டடத் துறையின் பெர்மிட் தேவையான வேலைக்கு முன்பே ஆஸ்பெஸ்டாஸ் பரிசோதனைப் படிவமும் வேண்டும். வேலை நேரம் பெரும்பாலும் வார நாளில் காலை 9 முதல் மாலை 4 அல்லது 5 வரைதான். எட்டு வாரம் என்று கான்ட்ராக்டர் சொன்னால் அந்த நேரக் கணக்கில் சொன்னாரா என்று கேளுங்கள்.

கேஸ் குழாயில் கை வைக்கவே வைக்காதீர்கள். அடுப்பை நான்கு அடி நகர்த்துவதற்குக்கூட உரிமம் பெற்ற மாஸ்டர் பிளம்பரும் பெர்மிட்டும் வேண்டும். அரைகுறையாகச் செய்த இணைப்பில் கசிவு தெரிந்தால் கேஸ் நிறுவனம் கட்டடம் முழுவதற்கும் நிறுத்திவிடும்; பிறகு அழுத்தப் பரிசோதனை, பழுது, மறு ஆய்வு என்று மாதங்கள் ஓடும். அத்தனை வீட்டின் அடுப்பும் உங்களால் அணைந்தது என்றால் லிஃப்டில் யார் முகத்தையும் பார்க்க முடியாது. பில்லும் உங்களுக்கே வரும்.

குளியலறையை விரிவாக்குகிறவர்கள் கீழ்வீட்டு வரைபடத்தையும் பாருங்கள். கீழ்வீட்டுப் படுக்கையறைக்கு மேல் ஈர அறை வருவதைப் பல போர்டுகள் ஒரேயடியாக மறுக்கும். மரத்தளம் போட்டால் 80 சதவீதத்தைக் கம்பளத்தால் மூட வேண்டும் என்ற விதியும் பரவலானது. விதியே இல்லாவிட்டாலும், பிள்ளைகள் பரதம் பழகும் அறை என்றால் கீழே ரப்பர் விரிப்புப் போடுவது மலிவான வழக்குத் தடுப்பு.

போர்டோடு மோதினால்

கோபத்தில் மெயின்டனன்ஸை நிறுத்துவது மிக மோசமான முதல் அடி. கோ-ஆப் உங்களுக்கு 14 நாள் நோட்டீஸ் கொடுத்து, வாடகை பாக்கிக்காரரைப் போல ஹவுசிங் கோர்ட்டுக்கு இழுக்கும். லீஸில் உள்ள வக்கீல் கட்டணப் பத்தி உங்கள் பக்கம் திரும்பும். உங்கள் வங்கிக்கும் கடிதம் போகும்; ஷேர்களின் மேல் கோ-ஆப்பின் உரிமை வங்கிக் கடனுக்கும் முந்தியது என்பதால் வங்கி தானே பாக்கியைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்கும். முடிந்தவரை ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டுங்கள், பிறகு சண்டை போடுங்கள். காண்டோவில் போர்டின் பாக்கி உரிமை முதல் அடமானத்துக்குப் பின்தான் வரும். வசூலிக்க நீதிமன்ற ஜப்தி வேண்டும். காண்டோ போர்டுகள் பாக்கியைத் துரத்திக் களைத்துப்போவது இதனால்தான்.

போர்டு முடிவை நீதிமன்றத்தில் எதிர்ப்பது சுலபமில்லை. ‘ஒன் ஃபிஃப்த் அவென்யூ’ கட்டடத்தில் சமையலறைச் சீரமைப்பின்போது நீராவிக் குழாயை இடம் மாற்றுவது பற்றி எழுந்த வழக்கில், 1990இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு கோட்டைப் போட்டது: போர்டு தன் அதிகாரத்துக்குள், நல்லெண்ணத்தோடு, கட்டடத்தின் நலனுக்காக முடிவெடுத்திருந்தால் அது புத்திசாலித்தனமான முடிவா என்று நீதிமன்றம் பார்க்காது. மேற்கு 67ஆம் தெரு 40ஆம் எண் கட்டடத்தில் ஒரு பங்குதாரரின் நடத்தை சகிக்க முடியாதது என்று மற்றவர்கள் வாக்களித்து லீஸை முடித்தபோது, 2003இல் அதே நீதிமன்றம் அதே அளவுகோலை வைத்து அதை ஏற்றது. காண்டோவில் இப்படி உரிமையாளரை வெளியேற்ற முடியாது.

ஆகவே எதிர்க்கிறவர் அதிகார மீறலையோ, கெட்ட எண்ணத்தையோ, பாகுபாட்டையோ காட்ட வேண்டும். ‘மேல்வீட்டாருக்கு அனுமதித்தார்கள், எனக்கு மறுத்தார்கள்’ என்பதற்குத் தேதியும் தாளும் இருந்தால் அது நல்ல தொடக்கம். கோ-ஆப் முடிவை ‘ஆர்ட்டிகிள் 78’ என்னும் நீதிமன்ற வழியில் எதிர்க்க நான்கு மாதம்தான் அவகாசம். சமாதானப் பேச்சிலேயே ஐந்து மாதம் கழிந்துவிட்டால் கதவு மூடிவிடும்.

நாய் வழக்குகளுக்கு நகரத்தில் தனி விதி. நாய் கூடாது என்று லீஸ் சொன்னாலும், மறைக்காமல் வளர்த்து, மூன்று மாதத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் கோ-ஆப் அந்த உரிமையை இழக்கிறது. காண்டோவில் இது புரூக்ளினிலும் குயின்ஸிலும் பொருந்தும், மன்ஹாட்டனில் பொருந்தாது. இரண்டு மேல்முறையீட்டுப் பிரிவுகள் இரண்டு விதமாகச் சொல்லிவிட்டன.

போர்டையே மாற்ற வேண்டுமென்றால் வழி தேர்தல். வருடக் கூட்டத்துக்கு 10 முதல் 60 நாள் முன் நோட்டீஸ் வர வேண்டும். கூட்டமே நடத்தாமல் இழுத்தடிக்கிறார்களா? பைலாவில் குறித்த தேதி தாண்டி ஒரு மாதம் ஆகியும் இயக்குநர்கள் தேர்வாகாமல், அதன்பின் இரண்டு வாரத்துக்குள் போர்டும் சிறப்புக் கூட்டம் கூட்டாவிட்டால், பத்து சதவீத வாக்குள்ள பங்குதாரர்கள் எழுத்தில் கேட்டுக் கூட்டவைக்கலாம். அந்தக் கூட்டத்தில் வந்தவர்களே கோரம் (கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைந்தபட்ச வருகை). இது மாநில பிசினஸ் கார்ப்பரேஷன் சட்டத்தின் 603ஆம் பிரிவு. பலருக்குத் தெரியாத கூர்மையான ஆயுதம். பங்குதாரர் பட்டியலையும் பொதுக்கூட்டக் குறிப்பையும் பார்க்க 624ஆம் பிரிவில் ஐந்து நாள் நோட்டீஸ் போதும்.

நீங்களே போர்டில் உட்கார்ந்தால்

சம்பளமில்லாத வேலை, பொறுப்பு மட்டும் நிஜம். போர்டு உறுப்பினருக்குத் தொடர்புள்ள ஒப்பந்தங்களை வருடத்துக்கு ஒருமுறை பங்குதாரர்களுக்கு அறிவிக்க 727ஆம் பிரிவு கட்டாயப்படுத்துகிறது. மைத்துனரின் பெயின்டிங் கம்பெனி மலிவாகவே செய்தாலும், மூன்று விலைப்புள்ளி வாங்கி, நீங்கள் வாக்களிக்காமல் விலகி, குறிப்பில் எழுதவையுங்கள். இயக்குநர் காப்பீடு உண்டா என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். பாகுபாட்டுச் செயலில் பங்கெடுத்த இயக்குநர்மீது தனிப்பட்ட முறையில் வழக்குப் போடலாம் என்று 2012இல் மேல்முறையீட்டுப் பிரிவு சொல்லியிருக்கிறது. விண்ணப்பதாரரைப் பற்றி மின்னஞ்சலில் கிண்டல் எழுதும் சக உறுப்பினருக்குப் பதில் போடாதீர்கள்.

நகரச் சட்டத் தேதிகளை ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடத்தின் முகப்பை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதி பெற்ற நிபுணர் சோதிக்க வேண்டும். ‘பாதுகாப்பானது’, ‘பழுது பார்த்தால் பாதுகாப்பானது’, ‘பாதுகாப்பற்றது’ என மூன்று முடிவுகள். நடுவில் உள்ளதை அடுத்த சுற்றுக்குள் சரிசெய்யாவிட்டால் மூன்றாவதாகிவிடும். அப்புறம் நடைபாதைக் கொட்டகை, அதற்கு மாத வாடகை. அறிக்கை தாமதமானால் மாதம் 1,000 டாலர் அபராதம். கேஸ் குழாய் ஆய்வு நான்கு வருடத்துக்கு ஒருமுறை. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு 2019ஆம் ஆண்டின் 97ஆம் நகரச் சட்டம் கார்பன் வரம்பு வைத்திருக்கிறது. வரம்பு 2024இல் தொடங்கியது, 2030இல் இறுகும். தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் வருடத்துக்கு 268 டாலர். 50 டன் தாண்டினால் 13,400. ஆயிலில் ஓடும் பழைய பாய்லரை மாற்றுவதா, அபராதம் கட்டுவதா என்று இஞ்சினியரிடம் எண்களோடு கேட்டு முடிவெடுங்கள்.

முதன்மை வீடாகக் குடியிருப்பவர்களுக்குச் சொத்து வரியில் 17.5 முதல் 28.1 சதவீதம் வரை கழிவு உண்டு. கட்டடத்தின் சார்பில் ஏஜென்ட் பிப்ரவரி 15க்குள் மனுச் செய்ய வேண்டும். மறந்தால் எல்லாருடைய வருடமும் போச்சு. சில போர்டுகள் இந்தக் கழிவுக்குச் சரியாக அதே தொகைக்கு ஒரு அசெஸ்மென்ட் போட்டு நிதியில் சேர்ப்பது வழக்கம். சட்டத்துக்கு உட்பட்டதுதான், ஆனால் கடிதத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

விற்கும்போது, அதிலும் ஊரிலிருந்து

விற்பவர் செலவில் மாநில, நகர மாற்று வரி சேரும்: ஆறு லட்சம் டாலர் வீட்டுக்கு 1.825 சதவீதம், அதாவது 10,950 டாலர். கோ-ஆப்பில் இதற்கு மேல் கட்டடமே வசூலிக்கும் ‘ஃபிளிப் டாக்ஸ்’, பல கட்டடங்களில் விலையில் 1 முதல் 3 சதவீதம். ஷேர் சான்றிதழின் அசல் எங்கே என்று இப்போதே பாருங்கள். கடன் இருந்தால் வங்கியிடம் இருக்கும். க்ளோஸிங் மேஜைக்கு அதைக் கொண்டுவர வங்கிக்கு ஒரு மாதம் முன்பே எழுத வேண்டும். கடன் தீர்ந்திருந்தால் யுசிசி-1ஐ நீக்கும் யுசிசி-3 பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஊருக்குத் திரும்பி, கிரீன் கார்டையும் ஒப்படைத்துவிட்டு விற்கிறவர்களுக்குப் பெரிய அதிர்ச்சி, வெளிநாட்டவர் அமெரிக்கச் சொத்தை விற்கும்போது வரும் ‘ஃபிர்ப்டா’ வரிப் பிடித்தம். வாங்குபவர் விலையில் 15 சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். பிடிப்பது லாபத்தில் அல்ல, மொத்த விலையில். வாங்குபவர் தாமே குடியிருக்க வாங்கினால், விலை 10 லட்சம் வரை 10 சதவீதம். 3 லட்சத்துக்குள் இருந்தால் இல்லை. கோ-ஆப் ஷேருக்கும் இது பொருந்தும். உண்மையான வரி குறைவாக இருக்கும் என்றால் க்ளோஸிங் நாளுக்குள் 8288-பி படிவம் கொடுத்துக் குறைந்த பிடித்தத்துக்கு மனுச் செய்யலாம். வரி எண் இல்லாவிட்டால் அதையும் சேர்த்து வாங்க வேண்டும். பவர் பத்திரத்தை அமெரிக்கத் தூதரக நோட்டரி முன்போ, உள்ளூர் நோட்டரி முன் போட்டு அபோஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் அரசுச் சான்று) வாங்கியோ அனுப்பலாம். ஆனால் அனுப்புமுன் வாசகத்தைக் கோ-ஆப்பின் வக்கீலுக்கும் வங்கிக்கும் காட்டி ஒப்புதல் வாங்குங்கள். ஒரு வரி பிடிக்கவில்லை என்று அவர்கள் திருப்பினால், மறுபடி அபாயின்ட்மென்ட், மறுபடி கூரியர், அதற்குள் வாங்குபவரின் வட்டி உறுதிக் கெடு முடிந்திருக்கும்.